அசையாத உடல், தவறாத கதிர்

இந்த இதழைச் சற்றே கீழே வைத்துவிட்டு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தரையில் ஒரு பத்தமடைப் பாயை விரித்து மல்லாந்து படுத்துக் கொள்ளுங்கள். உங்கள் நெஞ்சின் நடுவே ஒரு பொட்டை ஒட்டிக் கொள்ளுங்கள். மேலே விட்டத்தில் ஒரு டார்ச் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் ஒளியின் நடுப்பகுதி பொட்டின்மீது விழும்படி நண்பர் ஒருவரைச் சரி செய்யச் சொல்லுங்கள். பிறகு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மீண்டும் அதே பாயில் வந்து படுங்கள். ஒளி பொட்டின்மீது விழுகிறதா?

விழாது. ஒரு விரற்கடையாவது தள்ளித்தான் விழும். இனிக் கைகள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்குங்கள். உடம்பு நகரவில்லை, ஆனால் பொட்டு நகர்ந்துவிட்டது! தோல் இழுபட்டு எலும்பின்மீது வழுக்குகிறது. இப்போது ஆழ்ந்து மூச்சு விடுங்கள். பொட்டு ஏறி இறங்குகிறது.

இந்த விளையாட்டில் டார்ச் விளக்குக்குப் பதிலாகக் கோபால்ட் கதிரையும், பொட்டுக்குப் பதிலாக நுரையீரலின் உள்ளே இருக்கும் ஒரு புற்றுக்கட்டியையும் வைத்துப் பாருங்கள். ஒரு முறை அன்று, 25 நாட்களுக்கு 25 முறை, அதே இடத்தில் கதிர் விழ வேண்டும். தவறினால் கட்டி தப்பிவிடும். பக்கத்தில் உள்ள தண்டுவடமோ இதயமோ அடிபடும். நோயாளியின் நெஞ்சையும் வயிற்றையும் எப்படி அசையாமல் வைப்பது, மறுநாள் அதே நிலைக்கு எப்படிக் கொண்டு வருவது என்ற இந்தக் கேள்விக்கு விடை காண மனிதர்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரே நாளில் முடித்தால் என்ன?

1895 நவம்பரில் ராண்ட்கென் எக்ஸ்-கதிரைக் கண்டார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தை அறிவித்தனர். 1901-இல் பெக்கரல் ஒரு சிறு ரேடியக் குழாயைச் சட்டைப் பையில் வைத்திருந்ததால் உடம்பில் புண் உண்டானது. திசுவை அழிக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்றால் கெட்ட திசுவை அழிக்க ஏன் பயன்படுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் எண்ணினர்.

தொடக்கத்தில் பலர் ஒரே மூச்சில் பெரிய அளவைச் செலுத்தினர். கட்டி கரைந்தது, தோலும் வெந்தது. பாரிஸ் ரேடியம் நிலையத்தில் குளோட் ரெகோ என்ற அறிஞர் ஆட்டுக்கிடாக்களை வைத்து ஆராய்ந்தார். ஒரே தடவையில் கதிர் கொடுத்து அவற்றை மலடாக்க முயன்றால் விதைப்பையின் தோல் புண்ணாகிவிட்டது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது தோல் பிழைத்தது. விரைந்து பெருகும் உயிரணுக்கள் மட்டும் அழிந்தன. புற்றணுக்களும் விரைந்து பெருகுபவைதாமே! ரெகோவின் கீழ்ப் பணியாற்றிய ஆன்றி கூட்டார் இம்முறையைத் தொண்டைப் புற்றுக்குப் பயன்படுத்தி, 1920-களிலும் 1930-களிலும் நல்ல பலன் கண்டார்.

'சிறுகச் சிறுகக் கொடு' என்ற இந்த முறையே இன்றும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் அடித்தளம். நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 25 நாட்களில் 50 கிரே என்பது பரவலாக உள்ள ஒரு கணக்கு. (பழைய நூல்களில் 'ராட்' என்று படித்திருப்பீர்கள், 100 ராட் சேர்ந்தது ஒரு கிரே.) ஆனால் இந்த நன்மையோடு ஒரு தொல்லையும் கூடவே பிறந்தது. ஒரே நாளில் முடிந்தால் நோயாளியை ஒரு முறை சரியாகப் படுக்க வைத்தால் போதும். இருபத்தைந்து நாள் என்றால் இருபத்தைந்து முறை! அசையாமல் வைப்பது ஒரு வேலை. மீண்டும் அதே இடத்தில் வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கடினம்.

தோலே காவலாளியாக இருந்த காலம்

1934-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. நம் மாநிலத்தில் கதிரியலுக்கென எழுந்த முதல் பெரிய நிலையம் இது. அக்காலத்தில் உலகெங்கும் இருந்த ஆழ எக்ஸ்-கதிர்க் கருவிகள் 200 முதல் 250 கிலோவோல்ட் அளவில் இயங்கின. இவற்றின் கதிர், தோலிலேயே தன் முழு வலிமையையும் காட்டும். உள்ளே போகப் போகக் குறைந்துவிடும்.

இதனால் ஆழத்தில் உள்ள கட்டிக்கு வேண்டிய அளவு போய்ச் சேரும் முன் தோல் சிவந்து உரியும். ஆனால் ஒரு வகையில் இது மருத்துவருக்கு உதவியது. கருவியின் வாய்க்குழலை நோயாளியின் உடம்போடு ஒட்ட வைத்துக் கதிர் செலுத்துவார்கள். கதிர் பட்ட இடம் சில நாட்களில் சிவந்து சதுரமாகத் தெரியும். இடம் தவறியிருந்தால் சிவப்புச் சதுரமும் தள்ளித் தெரியும். தோலே காவலாளியாக நின்று காட்டிக் கொடுத்தது. நோயாளியைப் பிடித்து வைக்க மணல் மூட்டைகளும் துணிப் பட்டைகளுமே போதும் என்று கருதப்பட்டன.

அடையாற்றுக்கு வந்த கோபால்ட்

1951 அக்டோபரில் கனடாவின் லண்டன் நகரிலும், அடுத்த மாதம் அதே நாட்டின் சாஸ்கட்டூன் நகரிலும் கோபால்ட்-60 கருவிகள் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கின. இந்தக் கோபால்ட்டின் காமாக் கதிர்களுக்கு 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. அரைவாழ்வு 5.27 ஆண்டுகள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். 1957-இல் கனடாவிலிருந்து ஒரு கோபால்ட் கருவி அங்கு வந்தது. ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்று அந்நிலையத்தின் வரலாறு பெருமையோடு குறிப்பிடுகிறது.

கோபால்ட் கதிரின் சிறப்பு என்ன? அதன் உச்ச வலிமை தோலில் இல்லை. தோலுக்கு அரை செண்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆகவே தோல் அவ்வளவாக வேகாது. நெஞ்சுக்குள்ளும் அடிவயிற்றிலும் உள்ள கட்டிகளுக்கு நல்ல அளவு போய்ச் சேரும். நோயாளிக்கு இது பெரும் விடுதலை.

ஆனால் இங்கே கவனியுங்கள். தோல் சிவக்கவில்லை என்றால், இடம் தவறியதை யார் சொல்வது? காவலாளி தூங்கிவிட்டார்! மேலும், கதிர் மூலம் இப்போது உடம்பிலிருந்து 80 செண்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. இடையில் வெறும் காற்று. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கதிர்ச் செறிவு மாறும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். நோயாளியின் உடம்பு 2 செண்டிமீட்டர் மேலே வந்துவிட்டால் தொலைவு 78 ஆகிறது. 80-ஐ 78-ஆல் வகுத்து இருமடியாக்குங்கள்: 1.052. அதாவது ஏறத்தாழ 5 விழுக்காடு கதிர் கூடிவிடுகிறது. பாடநூல் விதி படுக்கையறைக்கே வந்துவிட்டது!

அக்காலப் படுக்கைகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கீழிருந்தும் கதிர் செலுத்த வேண்டும் என்பதற்காக, படுக்கையின் ஒரு பகுதியில் பலகைக்குப் பதிலாக நைலான் கயிறுகளை டென்னிஸ் மட்டை போலப் பின்னியிருந்தனர். நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலை நினைத்துக் கொள்ளுங்கள். புதிதில் விறைப்பாக இருக்கும். நாளாக நாளாகத் தொய்யும். கனத்த உடம்பு அதிகம் அமிழும். மெலிந்த உடம்பு குறைவாக அமிழும். பின்னாளில் கரியிழைப் பலகைகள் வந்தபிறகே இத்தொல்லை தீர்ந்தது. கரியிழை விறைப்பானது; கதிரையும் அதிகம் தடுக்காது.

தலைக்குச் சட்டம் உண்டு, உடலுக்கு?

1951-இல் சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல், தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டத்தை மண்டை ஓட்டிலேயே திருகிப் பொருத்தி, மில்லிமீட்டர் துல்லியத்தோடு கதிரைச் செலுத்தும் வழியை வகுத்தார். மண்டை ஓடு கெட்டியான பெட்டி. பெட்டியைப் பிடித்தால் உள்ளே இருக்கும் பொருளும் பிடிபட்டுவிடும்.

நெஞ்சும் வயிறும் அப்படியா? விலா எலும்புகள் விரிந்து சுருங்குகின்றன. உதரவிதானம் சாதாரண மூச்சிலேயே ஒன்று, இரண்டு செண்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. சிறுநீர்ப்பை நிறைகிறது, குடல் புரளுகிறது. திருகாணி போட இடமே இல்லை! எனவே உடலுக்கு வேறு வழிகள் தேவைப்பட்டன.

முதல் வழி, வார்ப்பு. எலும்பு முறிவுக்குப் பயன்படும் மாவுக் கட்டை உடம்பின்மீது படிய வைத்து அச்செடுப்பார்கள். பிறகு அந்த அச்சின்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்திக் கீழிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டி ஓர் ஓடாக மாறும். வேலை மிகுதி; நோயாளிக்கும் சங்கடம்.

இதை எளிதாக்கியது ஒரு வேதிப்பொருள். பாலிகாப்ரோலாக்டோன் என்னும் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியசில் இளகும். சிறு துளைகள் இட்ட அதன் தகட்டைச் சுடுநீர்த் தொட்டியில் இட்டால், நீரில் நனைந்த அப்பளம் போலத் துவளும். ஈரத்தை ஒற்றி எடுத்து, பொறுக்கும் சூட்டில் நோயாளியின் நெஞ்சின்மீதோ இடுப்பின்மீதோ போர்த்திப் படுக்கைப் பலகையோடு பூட்டுவார்கள். சில நிமிடங்களில் அவருடைய வடிவத்திலேயே அது இறுகிவிடும். மறுநாளும் அவரைத் தவிர வேறு யாருக்கும் அது பொருந்தாது. மருத்துவமனைகளில் இதை 'மாஸ்க்' என்றே சொல்கிறார்கள்.

இரண்டாவது வழி, வெற்றிட மெத்தை. தெர்மோகோல் மணிகள் நிரம்பிய ஒரு பையின்மேல் நோயாளி படுப்பார். பை அவர் முதுகின் வளைவுக்கு ஏற்பக் குழியும். உள்ளே உள்ள காற்றைப் பம்பினால் இழுத்துவிட்டால் மணிகள் நெருங்கி இறுகிப் பாறை போலாகிவிடும். வெளிக் காற்றின் அழுத்தமே இங்கே தச்சன்! சிகிச்சை முடிந்ததும் காற்றைத் திறந்துவிட்டால் பை அடுத்த நோயாளிக்கு ஆயத்தம்.

மார்பகப் புற்றுக்குச் சாய்வுப் பலகை உண்டு. நெஞ்செலும்பு கிடைமட்டமாக அமையும்படி உடம்பைச் சாய்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தாங்கியில் வைப்பார்கள். அறுவைக்குப் பின் தோள் இறுகிய பெண்களுக்கு இது எளிதன்று. அதனால்தான் அறுவை முடிந்த சில நாட்களிலேயே தோள் பயிற்சி தொடங்கச் சொல்கிறார்கள். கை உயராவிட்டால் கதிரும் தொடங்காது.

தேர் நிலைக்கு வருவது போல

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதிகளைச் சுற்றி நிலைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர் பலர். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் தடி போடும் சிலரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. நோயாளியை நிலைக்குக் கொண்டு வருவதும் அத்தகைய வேலையே.

இன்றைய கருவி நோயாளியைச் சுற்றிச் சுழலும். செக்கு மாடு எங்கே சுற்றினாலும் நடு உரல் நகராதது போல, கருவி எந்தக் கோணத்தில் நின்றாலும் கதிர் ஒரே புள்ளி வழியாகச் செல்லும். அதற்குச் சம மையம் என்று பெயர். கட்டியைக் கொண்டு வந்து அந்த உரலில் வைப்பதே நம் வேலை. கோபால்ட் கருவியில் மூலத்திலிருந்து இம்மையம் 80 செண்டிமீட்டர். நேர்கோட்டு முடுக்கிகளில் பெரும்பாலும் 100 செண்டிமீட்டர்.

1960-இல் லேசர் பிறந்தபின் இது எளிதாயிற்று. சிகிச்சை அறையின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் மேலிருந்தும் லேசர்க் கோடுகள் வந்து சம மையத்தில் வெட்டிக் கொள்ளும். நோயாளியின் உடம்பில் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று புள்ளிகளை மையால் குறித்தோ, பச்சை குத்தியோ வைத்திருப்பார்கள். மூன்று புள்ளிகளும் மூன்று ஒளிக் கோடுகளில் அமர்ந்தால் உடம்பு நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஏன் மூன்று? ஒரே புள்ளி இருந்தால் உடம்பு அதைச் சுற்றித் திரும்பியிருக்கலாம். மையத்திலிருந்து 15 செண்டிமீட்டர் தள்ளியுள்ள ஓரிடம், உடம்பு ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் 2.6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்.

1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. உடம்பின் உள்ளே கட்டி எங்கே இருக்கிறது என்று குறுக்கு வெட்டாகக் காண முடிந்தது. இங்கும் ஒரு வேடிக்கை. சி.டி. கருவியின் படுக்கை வசதிக்காகத் தொட்டில் போல வளைந்திருக்கும். சிகிச்சைப் படுக்கையோ தட்டை. வளைந்த படுக்கையில் எடுத்த படத்தை நம்பித் தட்டைப் படுக்கையில் கதிர் செலுத்தினால் உறுப்புகள் இடம் மாறியிருக்கும். ஆகவே சிகிச்சைக்காகப் படமெடுக்கும்போது சி.டி. படுக்கையின்மேல் தட்டைப் பலகை ஒன்றைப் பொருத்துகிறார்கள். படமெடுக்கும் நாளில் அணிந்த அதே மாஸ்க், படுத்த அதே மெத்தை, அதே கை நிலைதான் கடைசி நாள் வரை.

மூச்சை என்ன செய்வது?

உடம்பைக் கட்டலாம், மூச்சைக் கட்டலாமா? ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் இங்மார் லாக்ஸ் என்ற இயற்பியலாரும் ஹென்ரிக் புளோம்கிரென் என்ற மருத்துவரும், தலைக்கு லெக்செல் செய்ததை உடலுக்குச் செய்ய முனைந்தனர். மரப்பெட்டி போன்ற ஒரு சட்டம், உள்ளே வெற்றிட மெத்தை, வயிற்றை மெல்ல அழுத்தும் ஒரு தகடு. வயிறு அழுந்தினால் உதரவிதானத்தின் ஆட்டம் குறையும். 1994-இல் இம்முறையை அவர்கள் வெளியிட்டனர். சில சிறு நுரையீரல் கட்டிகளையும் கல்லீரல் கட்டிகளையும் சில நாட்களிலேயே பேரளவுக் கதிரால் தாக்கும் இன்றைய சிகிச்சைக்கு இதுவே வித்து.

வேறொரு வழியை 1989-இல் ஜப்பானியர் வெளியிட்டனர். மூச்சு ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் இருக்கும்போது மட்டும் கதிரைத் திறந்து, மற்ற நேரம் மூடிவிடுவது. மூன்றாவது வழியில் நோயாளியே பங்காளி ஆகிறார். இடப்பக்க மார்பகப் புற்றுக்கு அவரை ஆழ்ந்து மூச்சிழுத்து நிறுத்தச் சொல்வார்கள். நுரையீரல் உப்பும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும். அந்த இருபது நொடிகளில் கதிர் பாயும். இதனால் என்ன லாபம்? இதயம் பெறும் சராசரி அளவில் கூடும் ஒவ்வொரு கிரேவுக்கும் பெரும் இதயத் தாக்கு நேரும் வாய்ப்பு 7.4 விழுக்காடு உயர்கிறது என்று 2013-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. இருபது நொடி மூச்சடக்கம் இருபது ஆண்டு கழித்துப் பலன் தரும்!

எத்தனை மில்லிமீட்டர்?

எவ்வளவு கட்டினாலும் கொஞ்சம் பிசகும். ஆகவே கட்டியைச் சுற்றி ஒரு வேலி போட்டு, அந்த அளவுக்கும் சேர்த்துக் கதிர் கொடுப்பார்கள். இந்த வேலியின் அகலம் எவ்வளவு?

எலுமிச்சம்பழம் போல 5 செண்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கட்டி என்று கொள்வோம். அதன் பருமன் சுமார் 65 கன செண்டிமீட்டர். சுற்றிலும் ஒரு செண்டிமீட்டர் வேலி போட்டால் 180. அதாவது, கட்டியைப் போல இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான நல்ல திசுவும் சேர்ந்து அடிபடுகிறது. வேலியை அரை செண்டிமீட்டராகக் குறைத்தால் 113 ஆகிவிடும். ஐந்து மில்லிமீட்டர் துல்லியம் 67 கன செண்டிமீட்டர் நல்ல திசுவைக் காப்பாற்றுகிறது. மாஸ்கும் மெத்தையும் எதற்கு என்பது இப்போது விளங்கும்.

2000-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மார்செல் வான் ஹெர்க்கும் அவர் குழுவினரும் வேலிக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். பிழைகள் இருவகை. தையற்காரரின் அளவு நாடாவே பிழையாக இருந்தால் தைக்கும் சட்டைகள் எல்லாமே ஒரே பக்கம் தவறும். இது முறைப் பிழை. நாடா சரி, வெட்டும்போது கை சற்று ஆடுகிறது என்றால் ஒரு சட்டை கூடும், ஒன்று குறையும். இது தற்செயற் பிழை. முறைப் பிழையின் அளவை 2.5-ஆலும் தற்செயற் பிழையின் அளவை 0.7-ஆலும் பெருக்கிக் கூட்டினால் வேண்டிய வேலி கிடைக்கும். முறைப் பிழை 2 மில்லிமீட்டர், தற்செயற் பிழை 3 மில்லிமீட்டர் என்றால் வேலி 7.1 மில்லிமீட்டர். முறைப் பிழையைப் பாதியாக்கினால் 4.6 ஆகக் குறையும். முதல் நாள் படமெடுக்கும்போது நேரும் தவறு கடைசி நாள் வரை தொடரும் என்பதால்தான் அதற்கு இத்தனை எடை.

இப்போது சிகிச்சைக் கருவியிலேயே படமெடுக்கும் வசதி வந்துவிட்டது. படுக்க வைத்தபின் கருவி ஒரு சுற்றுச் சுற்றிப் படமெடுத்து, முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டு, படுக்கையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திக் கொள்கிறது. அப்படியானால் மாஸ்க் வேண்டாமா? வேண்டும். படமெடுத்தபின் நோயாளி அசைந்தால் படம் பழையதாகிவிடும் அல்லவா!

பொருநைக் கரையில்

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனை என்றால் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அங்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறை உண்டு. இத்தகைய துறைகள் தெற்கே பெருகுமுன், சென்னைக்கோ மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்று ஐந்தாறு வாரம் தங்குவதே வழியாக இருந்தது. அப்படித் தங்க இயலாமல் பாதியில் திரும்பியவர்களுக்குச் சிகிச்சையும் பாதியே.

நம் பகுதி நோயாளிகளுக்கு இரண்டு செய்திகளை நீங்கள் சொல்ல வேண்டும். ஒன்று, உடம்பில் இட்ட குறிகளை அழிக்கக் கூடாது. ஆற்றில் முங்கிக் குளித்துப் பழகியவர்கள் நாம். பாபநாசத்திலோ குறுக்குத்துறையிலோ சோப்புத் தேய்த்து ஒரு குளியல் போட்டால் மைக்குறி போய்விடும். அழிந்துவிட்டால் தாமாகப் பேனாவால் போட்டுக்கொள்ளவும் கூடாது. மறுநாள் துறையில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொன்னால் திட்டுவார்கள் என்று அஞ்சிச் சிலர் மறைக்கிறார்கள். சில மில்லிமீட்டர் தள்ளி வரைந்த ஒரு புள்ளி, நாம் மேலே பார்த்த முறைப் பிழையாக மாறிவிடும்.

இரண்டாவது, மாஸ்கைக் கண்டு அஞ்ச வேண்டாம். 'பலகையோடு பூட்டுகிறார்கள்' என்ற பேச்சு ஊரில் பெரிதாகப் பரவுகிறது. அதில் மூச்சு முட்டாது, துளைகள் உண்டு. அறைக்கு வெளியே கேமராவில் பார்த்துக் கொண்டே இருக்கிறார்கள். கையை அசைத்தால் போதும், கதிரை நிறுத்திவிட்டு வருவார்கள். அச்சத்தால் தசைகளை விறைத்துக் கொள்பவர், சில நிமிடங்களில் களைத்துத் தளர்வார். அப்போது உடம்பு இடம் மாறும். இயல்பாக, தூங்கப் போவது போலப் படுப்பவரே உண்மையில் அசையாமல் இருப்பவர்.

இயற்பியல் மாணவர்களுக்கு

இந்த வரலாற்றில் மருத்துவரோடு ஓர் இயற்பியலாரும் எப்போதும் கூடவே நின்றதைக் கவனித்திருப்பீர்கள். கதிர்ச் சிகிச்சைத் துறைகளில் மருத்துவ இயற்பியலார் பணியாற்ற வேண்டும் என்பது நம் நாட்டில் விதியாகவே உள்ளது. 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதைக் கண்காணிக்கிறது. எம்.எஸ்.சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை டிராம்பேயில் கதிரியல் இயற்பியல் பட்டயப் பயிற்சி 1962 முதல் நடந்து வருகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாபாட்ரான்' என்ற உள்நாட்டுக் கோபால்ட் கருவியும் இன்று பயனில் உள்ளது.

எதிர்விகித இருமடி விதியையும் சுழற்சிக் கோணத்தையும் பிழைக் கணக்கையும் தேர்வுக்காகப் படிக்கும் மாணவர்களே! நீங்கள் குறிக்கும் ஒரு மில்லிமீட்டருக்குப் பின்னால் ஒரு தாயின் இதயமோ, ஓர் உழவரின் தண்டுவடமோ இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அங்கே உங்களுக்கு வேலையும் காத்திருக்கிறது.